அம்ப்பில் என்ன பழுது?

"என்ரை அம்ப்பை என்னடா செய்தனீ? லோ, அந்த அடிச்சத்தம், கொஞ்சமும் வருகுதில்லை!"

விதுரன் பேஸ் கிட்டாரைத் தோளிலிருந்து இறக்காமலே, அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான அம்ப்பைக் காட்டிக் கத்தினார். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் அவர்களுடைய இசைக்குழு ஒத்திகை பார்க்கும் அறை அது. பாடகி ஜெனனி மைக்கை அணைத்தாள். ஒலியைக் கவனிக்கும் கொட்வின் மிக்ஸருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"ஏழு வருசமா லோ திருகி பாதி, மிட் திருகி அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதுதான் என்ரை சத்தம். நீ சேர்ச்சுக்கு இரவல் கொண்டுபோய்த் தந்ததிலையிருந்து, லோவை முழுசாத் திருப்பினாலும் தகரத்திலை தட்டின மாதிரிக் கேக்குது. ஸ்பீக்கரைக் கிழிச்சுப்போட்டுத்தானே தந்தனீ?"

கொட்வின் ஜெனனியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"ஓம் அண்ணை," என்றான் மெல்ல. "கைதவறிக் கீழை விழுந்திட்டுது. சொல்ல வெக்கமாயிருந்தது."

"வெக்கமோ? போன சனி கலியாணத்திலை பொம்பிளையின்ரை தகப்பன் மேடைக்கே வந்து என்னை வாசிக்க வேண்டாமெண்டவர். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை! அந்த வெக்கக்கேடு உன்னாலை வந்தது."

கொட்வின், திருத்திக்கொண்டு வருகிறேன் என்று அம்ப்பைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து, "சரியாயிட்டுது அண்ணை" என்று விதுரனின் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். அவன் போனதும் விதுரன் வாசித்துப் பார்த்தார். அதே தகரச் சத்தம். கோபத்தோடு நேரே கொட்வினின் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது அவன் மனைவி கிளறா. "இவர் தான் வேலை செய்யிற இத்தாலிக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா வீட்டை போயிட்டார், அண்ணை. வேலை முடிய ஆறு மணியாகும். உள்ளுக்கு வாங்கோ."

"வரேல்லை. உன்ரை மனுசன் திருத்தினதெண்டு சொல்லி, பழுதோடை அப்பிடியே தந்திருக்கிறான். இனி அவன் எங்கடை குழுவுக்கு வேண்டாம். சொல்லிவிடு."

கிளறாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "மூண்டு நாளாச் சரியாச் சாப்பிடுறாரில்லை, அண்ணை. உங்களை நினைச்சுத்தான்."

ஒரு பெண்ணை வாசலில் வைத்து அழவிட்டது விதுரனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "பிழை செய்தவன் மனம் நோகத்தான் வேணும்."

"அவர் ஒரு பிழையும் செய்யேல்லை. அம்ப் எங்கையும் விழவுமில்லை."

"பிறகு ஏன் எல்லாருக்கும் முன்னாலை ஓமெண்டவன்?"

கிளறா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சை எடுக்கவே அவளுக்குக் கூச்சமாயிருந்தது.

"நீங்கள் லோவைத் திருப்பத் திருப்ப அறையே அதிருதாம், அண்ணை. உங்களுக்கு மட்டும்தான் அது கேக்குதில்லை. அதை எல்லாருக்கும் முன்னாலை சொன்னா நீங்கள் குறுகிப்போவியளெண்டுதான் பழியை இவர் தன்ரை தலையிலை போட்டவர். சிஞ்ஞோராவைக் கெஞ்சி, வியாழன் பத்து மணிக்குக் காது டொக்டரிட்டை உங்கடை பேரைப் பதிஞ்சிட்டு, அதை உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் சாப்பிடாமல் இருக்கிறார்."