தூளிக்கடியில் பாம்புச்சட்டை

"பாம்புக்குப் பயந்து பெத்தவள வுட்டுட்டுப் போறான் பாரு! இவனெல்லாம் ஒரு மவனா?"

தெருவே கூடிப் பேசியது. காத்தவராயன் தலையைக் குனிந்தபடி சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

முந்தின நாள் காலையில்தான் அவன் மனைவி பெரியநாயகி அதைப் பார்த்து அலறினாள். குழந்தை தூங்கும் தூளிக்கு நேர்கீழே, நீளமாய் ஒரு பாம்புச்சட்டை.

"பழைய தோலு பத்தாமத்தான் உரிச்சுப் போட்டிருக்குது. இன்னும் பெருசா வளந்து இங்கதான் எங்கியோ கெடக்கும்" என்றார் எதிர்வீட்டுக் கோவிந்தசாமி.

எலி வளைகளைத் தோண்டினார்கள். கூரையைப் பிரித்துப் பார்த்தார்கள். பாம்பு அகப்படவில்லை. பெரியநாயகி அதற்கப்புறம் குழந்தையை மடியைவிட்டு இறக்கவேயில்லை.

காத்தவராயன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று காலியாக இருந்தது.

"நீயும் வந்துடும்மா" என்று கெஞ்சினான்.

"உங்கப்பன் கட்டுன வூடு. நான் வரல. பாம்பு என்னை என்னா பண்ணிடும்?" என்றாள் வீரம்மாள்.

பெரியநாயகி குழந்தையை நீட்டினாள். "ஒரு தடவ வாங்கிக் கொஞ்சிட்டுக் குடுங்க அத்தை."

"வண்டி நிக்குதில்ல? கெளம்புங்க!" வீரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேத்தியக்கூடத் தொடல. என்னா நெஞ்சழுத்தம்!" இப்போது தெரு அவளைத் திட்டியது.

வண்டி தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டு சாதிகா உள்ளே வந்தாள். இருவரும் சேர்ந்து சுள்ளி பொறுக்கப் போகிறவர்கள்.

"அக்கா, போன வாரம் முந்திரிக்காட்டுல பாம்புச்சட்டை ஒண்ணை எடுத்து முந்தானையில முடிஞ்சியே... அதானே இது?"

வீரம்மாள் போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.

"சொல்லுக்கா. பேத்தி மேல உசுரையே வச்சிருந்தியே. ஏன் இப்படிப் பண்ணுன?"

வீரம்மாளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடங்கி, துணியை எடுத்தபோது அதில் ரத்தம்.

"கிட்ட வராத சாதிகா. ஒட்டிக்கிற சீக்காம். முத்திப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பச்சப்புள்ள இருக்குற வூடாச்சே..."

சாதிகா அழுதுவிட்டாள். "இதை உன் மவன்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருந்தா என்னை வுட்டுட்டுப் போயிருக்க மாட்டான்டி."