பெயருக்கு முன்னால்

"பேரு சொல்லுங்க" என்றார் ஏட்டு.

"நல்லபெருமாள்."

சொல்லி முடித்ததும் வாய்க்குள் ஏதோ குறைந்தது. பல் விழுந்த இடம் மாதிரி.

ஆறு மாதமாக அந்தப் பெயர் தனியாக வெளியே போனதில்லை. முன்னால் ஒரு டாக்டர் போகும்.

வாசல் பலகையில் டாக்டர். பட்டிமன்ற நோட்டீஸில் டாக்டர். பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையில், தாய்மாமனைவிடப் பெரிய எழுத்தில், டாக்டர்.

பணம் வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்தது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். கொடுத்த இடம் கல்யாண மண்டபம். மேடையை விட்டு இறங்குவதற்குள் கறுப்பு அங்கியை உருவி அடுத்தவருக்கு மாட்டினார்கள்.

அப்போதே ஒரு சந்தேகம். அதை மாலையோடு கழற்றி வைத்தார்.

பிறகு விசாரித்தார். அப்படியொரு பல்கலைக்கழகம் பூமியில் எங்குமில்லை.

வாயைத் திறக்கவில்லை. பலகையைத் துடைத்து வைத்தார்.

நேற்று தையல்கடை ஞானதுரை வந்தான். கையில் மனைவியின் சங்கிலி. அடகுக்கடைக்குப் போகிற வழி.

"ஞாயித்துக்கிழம எனக்கும் டாக்டர் பட்டம் தாராங்க, அண்ணாச்சி. பணம் கட்டணுமாம். ஒங்க போர்டைப் பாத்த பெறவுதான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

சங்கிலியை வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

அவன் போனதும் ஸ்டூல் போட்டு ஏறினார்.

பலகை இப்போது மடியில், மஞ்சள் பைக்குள்.

ஏட்டுக்குச் சிரிப்பு முட்டியது. "இந்தப் பட்டம் விக்கிறவன் ஊர் ஊரா விழா நடத்தியிருக்கான் சார். ஒருத்தர்கூடப் புகார் குடுக்கல. நீங்கதான் மொத ஆளு."

முதல் ஆள்.

மண்டபத்துக் கைதட்டலைவிட அது காதுக்கு நன்றாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புகார் இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போனது. பின்னாலேயே அவரும் போனார்.

இன்ஸ்பெக்டர் படித்தார். மறுபடியும் படித்தார்.

மேசையில் புதுசாக ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை. பெயருக்கு முன்னால், டாக்டர்.

நல்லபெருமாள் பலகையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நல்லபெருமாளைப் பார்த்தார். ஏட்டு மின்விசிறியைப் பார்த்தார்.



நல்லபெருமாள் பையிலிருந்து தன் பலகையை எடுத்தார். அதன் பக்கத்தில் வைத்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு டாக்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு இன்ஸ்பெக்டர் தன்னுடையதை மெதுவாகக் கவிழ்த்தார்.

"ஞாயித்துக்கிழம மண்டபத்துக்கு மஃப்டியில போறோம், ஏட்டையா. அதுக்கு முந்தி இன்னொரு தாள் எடுங்க."

ஏட்டு தாள் எடுத்தார். பேனாவைத் திறந்தார். முகத்தைச் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டார்.

"பேரு சொல்லுங்க ஐயா."