முனகலுக்குப் பதினோராயிரம்

எங்கள் ஊர் கோபியில் இப்போதெல்லாம் யாராவது "அம்மாடி, இடுப்பு" என்று முனகினால் போதும். போனில் இருக்கும் ரீல்ஸ் ஆப் அதைக் காதில் வாங்கி, அவர் நம்பரை உடனே ஏலம் விட்டுவிடும். யோகா நிலையம் நடத்தும் என்னைப் போன்றவர்கள் அடித்துப்பிடித்து வாங்குவோம். ஏலத் தொகையில் பாதி முனகியவருக்குப் போகும்.

நாச்சிமுத்துவைப் பதினோராயிரம் கொடுத்து எடுத்தேன். மாதக் கட்டணமோ எண்ணூறு. அந்த வயிற்றெரிச்சலில் வெறியோடு பயிற்சி கொடுத்தேன். இருபதே நாளில் அவருடைய முதுகுவலி பறந்துவிட்டது.

மறுநாள் அவர் மனைவி ருக்மணி வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க மேடம், நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனோம்? வாரம் ரெண்டு தடவை முனகுவாருங்க. அதுலதான் புள்ளைக்கு காலேஜ் பீஸே கட்டுறோம். இப்ப கம்பமாட்டம் நிமிந்து நிக்கறாரு!"

"சும்மா நடிச்சு முனகச் சொல்லுங்க" என்றேன்.

"போனு கண்டுபுடிச்சிருதுங்க. நெசமா வலிக்கோணுமாம்."

பின்னால் நாச்சிமுத்து தலை குனிந்து நின்றார். அப்படிக் குனிந்தும் வலிக்கவில்லையே என்று அவருக்கே வெட்கம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாயை விரித்து, எதையெல்லாம் செய்யக்கூடாது என்று பதினைந்து வருஷமாகச் சொல்லி வந்தேனோ அதையெல்லாம் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள் "ஐயோ அம்மா" என்றார். ருக்மணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை என் வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கும் ஒரு வலியும் இல்லை. ஏலத்தில் நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.