மகள், வயது இருபத்தேழு

செங்கல்பட்டில் ஏறியதிலிருந்து சின்னப்பராஜும் அவர் மகள் கிளாராவும் கதவோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பகலில் மதுரை போகும் வண்டி. உட்கார்ந்து போகும் பெட்டிதான், ஆனாலும் முன்பதிவு இல்லாமல் ஏறக் கூடாது.

சின்னப்பராஜின் சட்டைப்பையில் ரயில்வே பாஸ் இருந்தது. அதைக் காட்டி ரிசர்வேஷனும் போட்டிருந்தார். வெயிட்டிங் லிஸ்ட் ஒன்பது, பத்து. கடைசியில் இரண்டு, மூன்றில் வந்து நின்றுவிட்டது.

முப்பத்தாறு வருடம் கேங்மேனாகத் தண்டவாளத்தில் வேலை செய்தவர். பாஸ் பயணத்துக்குத்தான், சீட்டுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பொதுப்பெட்டியில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் காலை கோவில்பட்டியில், கிளாராவின் மாமியார் வீட்டில் இருந்தாக வேண்டும்.

கிளாராவின் காலடியில் அவள் கணவன் டெனிசனின் சூட்கேஸ் இருந்தது. அவனுடைய துணிமணிகளை எடுத்து வரச் சொல்லியிருந்தாள் மாமியார்.

கிளாராவும் டெனிசனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அசெம்பிளி லைனில் பழகித்தான் கல்யாணம். கிளாரா வேலைக்குப் போவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது.

மேல்மருவத்தூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். சட்டையில் இராமச்சந்திரன் என்று பெயர் குத்தியிருந்தது. முதலில் நல்லவிதமாகத்தான் பேசினார்.

“பாஸ் இருந்தா மட்டும் போதுமாங்க? சீட் கன்ஃபார்ம் ஆகணும். டிபார்ட்மென்ட்லயே இருக்கீங்க, நான் சொல்லணுமா?”

“தெரியும் சார். வாசலாண்டயே நின்னுகினு வந்துடறோம்.”

பரிசோதகர் பாஸை வாங்கிப் படித்தார். பணியாளர், வயது ஐம்பத்தொன்பது. மகள், வயது இருபத்தேழு.

பிறகு அந்த மகளைப் பார்த்தார். கழுத்தில் சிலுவை போட்ட தாலி. காலில் மெட்டி.

“பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

சின்னப்பராஜ் குனிந்து சூட்கேஸைச் சுவரோரம் நகர்த்தினார்.

ரயில்வேக்காரரின் மகள் எத்தனை வயதானாலும் அப்பாவின் பாஸில் போகலாம். கல்யாணமானால் போக முடியாது, பெயரை எடுத்துவிட வேண்டும். கிளாராவின் பெயரை எடுக்க, மூன்று வருடத்துக்கு முன் அவரே ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அங்கிருந்த எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

“பேரை எடுக்காமலே கூட்டிட்டுப் போறீங்களா? ரிட்டயர்மென்ட் எப்ப?”

“வர்ற மே மாசம் சார்.”

“இதை நான் ரிப்போர்ட் எழுதினா பென்ஷன்ல போய் நிக்கும், தெரியுமில்ல?”

பக்கத்து இருக்கைகளில் பேச்சு நின்றது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துப் பார்த்தார்.

ஒரு வரி சொன்னால் போதும். சின்னப்பராஜின் உதடுகள் அசைந்தன. மகளை ஒரு தடவை பார்த்தார்.

“தப்புதான் சார். எழுதிக்கோங்க.”

கிளாரா திடுக்கிட்டுத் திரும்பினாள். இத்தனை வருட சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர்.

பரிசோதகர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பெயர் கேட்டார். வேலை செய்யும் செக்‌ஷன் கேட்டார். சின்னப்பராஜ் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார், உண்மையிலேயே திருடிவிட்டுப் பிடிபட்டவரைப் போல.

கிளாரா கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். அப்பாவின் கை குறுக்கே வந்தது. அதை மெல்ல விலக்கிவிட்டு நீட்டினாள்.

“பேரை அப்பவே எடுத்துட்டாங்க சார். போன மாசம்தான் திரும்பச் சேர்த்தாங்க,” என்றாள். “வூட்டுக்காரர் செத்துட்டா சேர்க்கலாமாம்.”

அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறு மாதமாக மண்ணூரில் தன் வீட்டில் அதை யாரும் சொல்ல சின்னப்பராஜ் விட்டதில்லை. தாலியைப் பற்றிப் பேச வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினார். பாஸுக்கான விண்ணப்பத்தை அவளுக்குக் காட்டாமலே நிரப்பினார். கையெழுத்து போட வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, மேலே செய்தித்தாளை வைத்து மறைத்துக்கொண்டு நீட்டினார். அன்று காலைகூட, பஸ் வடக்குப்பட்டுத் திருப்பத்தை நெருங்கும்போது அவளிடம் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். குடிக்கவில்லை. மூடி திறக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து, அவள் அதைத் திறந்து முடிக்கும்வரை பேச்சுக் கொடுத்தார். டெனிசனின் பைக்கை லாரி அடித்தது அந்த இடத்தில்தான்.

பரிசோதகர் அந்த இறப்புச் சான்றிதழைப் படித்தார். மடிப்பு மாறாமல் மடித்து, இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார். எழுதிய பக்கத்தைக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“விழுப்புரத்துல ரெண்டு சீட் காலியாகும்மா. அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு. உட்கார்ந்துக்கோங்க.”

மீதிப் பேரிடம் டிக்கெட் கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

சின்னப்பராஜ் கதவுப் பக்கம் திரும்பி நின்றார். வண்டி ஒரு ஸ்டேஷனை நிற்காமல் கடந்தது. முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“இன்னாத்துக்கு கண்ணு சொன்ன? அவரு எழுதிக்கினு போயிருப்பாரே.”