ரைட்டுலயா, லெஃப்டுலயா

"தளவானூர்ல எங்கம்மா உங்க வூடு?" என்று கேட்டார் துரைக்கண்ணு.

"குகைக்கோயில் போற வழியில," என்றாள் அறிவுமதி.

"வழியிலன்னா, ரைட்டுல வருதுங்களா, லெஃப்டுல வருதுங்களா?"

மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

அவள் கேட்டது ரெண்டே விஷயம். ஃபைபர் நெட் இருக்கிறதா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்குமா. இரண்டுக்கும் இருக்கிறது, தாங்கும் என்று ஆசையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம்தான் தலையைச் சுற்றி மூக்கைத் தொட ஆரம்பித்தார். அப்பா பேரு கேட்டார். தனசேகரன் என்றாள். அதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தாத்தா பேரு கேட்டார். குலதெய்வம் கேட்டார். இப்போது ரைட்டுக்கும் லெஃப்டுக்கும் வந்து நிற்கிறார்.

எந்தப் பக்கம் யார் வீடு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்பது அவளுக்கும் தெரியும்.

அறிவுமதிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அவளுக்கு லேப்டாப் இருக்கிற இடம்தான் ஆபீஸ். அதைத் தூக்கிக்கொண்டு திபிலிசியில் இருந்தாள், லிஸ்பனில் இருந்தாள், இப்போது மாண்ட்ரியல். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டதால் நான்கு மாதத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். அங்கே விடியும்போது இங்கே விளக்கு வைக்கிற நேரம். அப்போதுதான் அவளுக்கு வேலை தொடங்கும். தளவானூரில் நெட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். நேற்று மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்து போனாள். இன்னொரு தடவை மறைந்தால் வேலையும் மறைந்துவிடும் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இன்று மீட்டிங்குக்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

மாண்ட்ரியலில் கடைக்குள் நுழைந்தாலே இரண்டு பாஷையிலும் ஒரே மூச்சில் வணக்கம் சொல்வார்கள். நாம் எதில் பதில் சொல்கிறோமோ அதில் பேச்சு தொடரும். அங்கே வீடு கொடுத்த கிழவி முதலில் பிரெஞ்சில் கேட்டாள், இவள் முழித்ததும் இங்கிலீஷில் கேட்டாள். சிகரெட் உண்டா? நாய் உண்டா? அவ்வளவுதான். சாவியைக் கொடுத்துவிட்டாள். இங்கே இருப்பது ஒரே பாஷை. அதுவும் பெற்ற தாயின் பாஷை. அதற்குள்தான் இத்தனை சந்து பொந்து.

அந்த மாண்ட்ரியல் வீட்டின் இன்னொரு அறையில் அன்பு இருக்கிறான். செஞ்சிப் பையன். ரூம் கிடைக்காமல் பெட்டியோடு பனியில் அலைந்தவன். மெட்ரோவில் யாரிடமோ போனில் "இன்னாடா" என்று அவன் கத்தியது இவள் காதில் விழுந்ததுதான் அறிமுகம். அன்றைக்கே கூட்டிவந்து அறையைக் கொடுத்துவிட்டாள். அவன்தான் இந்த மாடி காலியாக இருப்பதைச் சொன்னான். தெரிஞ்சவங்க வூடுக்கா, என் பேரையும் சொல்லாதீங்க, வெளிநாடுன்னும் சொல்லாதீங்க, வாடகை விஷயத்துல வம்பாயிடும் என்றான். ஏற்றிவிடுவார்கள் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

"லெஃப்ட்," என்றாள் அறிவுமதி. "காலனி."

துரைக்கண்ணு தலையை ஆட்டினார். நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டார்.

"அடடா, மறந்தே பூட்டேன் பாரு. மாடிய மச்சானுக்குத் தர்றதா வாக்குக் குடுத்துட்டேன். தப்பா நெனச்சிக்காதம்மா. வெளியூர்ல ரூமு தேடி அலையற கஷ்டம் எனக்குந் தெரியும். எங்க வூட்டுப் பையனும் அலைஞ்சவன்தான்."

இவ்வளவு நேரம் இருந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே கேட்டில், வீடு வாடகைக்கு என்ற அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதைக் காட்டி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? அறிவுமதி வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அன்பு, வீடியோவில். அவளுடைய சமையலறையில், அவளுடைய தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"மாடி புடிச்சிதாக்கா? அது எங்க வூடுதான்! முன்னாடியே சொல்லியிருந்தா எங்க நைனா உங்ககிட்ட வாடகையே வாங்கமாட்டாரு. உங்களுக்கு அது புடிக்காதேன்னுதான் சொல்லல."

சந்தோஷத்தில் அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது. அவனை என்னவென்று திட்டுவது?

அறிவுமதி வண்டியை விட்டு இறங்கினாள். துரைக்கண்ணு கேட்டைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அதான் சொன்னேனேம்மா என்று தொடங்கினார். அவள் கம்பி இடுக்கு வழியாகப் போனை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தார்.

"நைனா! கையெடுத்துக் கும்புடணும், கும்புடணும்னு சொல்லிக்கினே இருந்தியே, இவங்கதான் அந்த அக்கா. சாவி குடுத்துட்டியா?"

துரைக்கண்ணு மகனைப் பார்த்தார். மகன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். போனைப் பிடித்தபடியே விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்து, போட்ட தாழை அவரே திறந்தார். ஒரு கையில் போன், மறு கையில் மாடிச் சாவி.

"வாங்கம்மா," என்று சாவி இருந்த கையை நீட்டினார்.

"போனைக் குடுங்க," என்றாள் அறிவுமதி. "மீட்டிங்குக்கு நேரமாயிடுச்சி."