கழற்றுவதற்காகக் கட்டிய கடை

அடுப்பின் அடியில் கையை விட்டு நான்கு மரைகளைத் திருகியதும், உள்ளே ஒளிந்திருந்த சக்கரங்கள் தரையில் இறங்கின. அத்தனை கனமான ரொட்டி அடுப்பு நடைவண்டி போல உருண்டு வந்தது. தூக்குவதற்காகத் தலையில் துண்டு கட்டியிருந்த வேன்காரர் அதை அவிழ்த்துவிட்டார்.

"என்ன சார், அடுப்புக்கு சக்கரம் வெச்சிருக்கீங்க?"

"ஆரம்பிக்கும்போதே வெச்சது," என்றான் அவன். குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. மனைவி பக்கத்தில் நிற்பது நினைவு வந்ததும் அடங்கிக்கொண்டது.

ரொட்டிக்கடை அவளுடைய கனவு. இடம் பிடிப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடையையும் பார்த்துவிட்டாள். "நீ ஜெயிக்கறதப் பாரு. தோத்தா என்ன செய்யறதுன்னு நான் பாத்துக்கறேன்" என்று அவன் அப்போதே வேலையைப் பிரித்துக்கொண்டான்.

பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். செங்கல் அடுப்புதான் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று அவள் கெஞ்சினாள். "செங்கல்ல கட்டினா இடிக்கத்தான் முடியும், விக்க முடியாது" என்று இரும்பு அடுப்பு வாங்கினான். ஆணி அடித்தால் பலகை பிளக்கும். அதனால் அலமாரி முழுக்கத் திருகாணி. பெயர்ப்பலகையின் பின்பக்கத்தையும் வழவழவென்று இழைத்து வைத்தான், வாங்குகிறவன் திருப்பி மாட்டித் தன் பெயரை எழுதிக்கொள்ளட்டும் என்று.

மாவு பிசையும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி பரணில் பத்திரமாக இருந்தது. கடைச் சொந்தக்காரர் ஐந்து வருட ஒப்பந்தம் போடலாம் என்றபோதும் இவன்தான் வேண்டாமென்றான். இரண்டு பேரில் யாரானாலும் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும், பிக்கல் பிடுங்கல் இல்லாமல் விலகிவிடலாம் என்று பேசி முடித்தான்.

"அலமாரி ஏத்தியாச்சு. அடுத்து?" என்றார் வேன்காரர்.

"கல்லா மேசை. கீழ ரெண்டு கொக்கி இருக்கு, விடுவிச்சா வந்துடும்."

வந்துவிட்டது. மேசை இருந்த இடத்தில் தரையின் சிவப்புச் சாயம் புதிதாகப் பளபளத்தது. அதற்கு முன்னால் வாசல்வரை, ஓர் ஆள் அகலத்துக்குச் சாயம் தேய்ந்து சிமெண்டு பல்லிளித்தது. வேன்காரர் அதன்மேல் நடந்து மேசையைக் கொண்டுபோனார்.

"நான் எத்தனையோ கடைய காலி பண்ணியிருக்கேன். ஆணியப் புடுங்கினா சுவரும் சேர்ந்து வரும், புருஷன் பொண்டாட்டி சண்டையும் சேர்ந்து வரும். இங்க எல்லாம் பூ மாதிரி கழண்டு வருது. சார் கில்லாடிதான், தங்கச்சி."

"ஆமாண்ணே," என்றாள் அவள், தட்டுகளை அடுக்கியபடி. "இந்த நாளுக்குன்னே கட்டின கடை. நான்தான் அது புரியாம ரொட்டி சுட்டுட்டிருந்தேன்."

"ஒண்ணு கூட சேதமாகாம எடுத்தாச்சில்ல?" என்றான் அவன் மெதுவாக.

"ஒண்ணு கூடவா?" என்றாள். அவன் நீட்டிய கையை விலக்கிவிட்டுக் கடைசித் தட்டையும் தானே வேனில் ஏற்றினாள்.

சாவி வாங்கக் கடைச் சொந்தக்காரர் வந்தார். கூட வந்த இளைஞன் உள்ளே போய்ச் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அவள் சாவியை அவர் கையில் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வேன்காரருக்கு மனசு கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனிடம் வந்தார். "மனசத் தளர விடாதீங்க சார். கடைன்னா ஓடும், ஓடாமலும் போகும். உங்களுது ஓடல, அவ்வளவுதான்."

"ஓடலையா?" கடைச் சொந்தக்காரர் இளைஞனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "இது ஓடுன ஓட்டத்தப் பாத்துட்டுத்தானப்பா, என் மருமகன் ரொட்டிக்கடை வெக்க இதே இடம் வேணும்னு ஒரு மாசம் முன்னாடியே தம்பிகிட்ட சொல்லிட்டேன்."