அம்மா கை ஊறுகாய்

"இன்னாது, வந்துட்டு போய்ட்டாங்களா? நாலு மணிக்கு வரேன்னுதானே சொன்னாங்க!"

காலேஜ் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை ஜானட்.

"ரெண்டு மணிக்கே வந்துட்டாங்க. பத்து நிமிசம்கூட குந்தல," என்றாள் சிலுவையம்மாள். "ஆர்டர் வேணான்னுட்டாங்க."

மாசம் நூறு பாட்டில் இறால் ஊறுகாய். அடையாறில் கடை வைத்திருக்கிற ரமாபாய் என்கிற அம்மாள், ஜானட்டின் பிளாக்கைப் படித்துவிட்டுத் தானாக மெயில் போட்டுக் கேட்டது. இது மட்டும் அமைந்துவிட்டால், அம்மா காசிமேட்டு ஷெட்டுக்கு இறால் உரிக்கப் போக வேண்டாம். ஐஸுக்குள்ளேயே கிடந்து கிடந்து அவள் விரல்களில் நகமெது, புண்ணெது என்றே தெரியாமல் போயிருந்தது.

"நீ இன்னா சொன்ன அவங்களாண்ட?"

"அது இல்ல ஜானட்டு, அவங்க இன்னா கேட்டாங்கன்னா..."

"நீ சொல்லவே வேணாம், எனக்கே தெரியும்! சந்துக்குள்ள நுழையும்போதே மூக்கப் பொத்தினு வந்திருப்பாங்க. கருவாட்டு நாத்தம், வாசல்ல சாக்கடை. ராயபுரத்துல செஞ்சத அடையாறுல எவன் தொடுவான்? அதானே?"

"மூக்கெல்லாம் பொத்தல. அதுவும் வியாசர்பாடி பொண்ணுதானாம்."

"அப்போ இன்னும் மோசம். இங்கேர்ந்து மேல போனவங்களுக்குத்தான் நம்மளப் பாத்தா கூச்சம்!"

ஜானட்டிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தச் சந்தில் யாரும் இல்லை. பங்குச் சாமியாரே ஒருதடவை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார். சிலுவையம்மாள் எம்மாத்திரம்?

"நான் சொல்றத ஒரு நிமிசம் கேளு கண்ணு..."

"வந்து கேக்கறேன்."

பக்ருதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் ஒரே ஒரு சிஸ்டம்தான் காலியாக இருந்தது.

"கீபோர்டு மக்கர் பண்ணுது தங்கச்சி. ஓங்கி அடிக்கணும்."

"இன்னிக்கு ஓங்கித்தான் பாய் அடிக்கப் போறேன்."

'அம்மா கை ஊறுகாய்' திறந்தது. ஏழு மாசமாக அவள் எழுதி எழுதி வளர்த்த பிளாக். ஒவ்வொரு பதிவுக்கும் ஆர்க்குட்டில் லிங்க் போட்டு, சம்பந்தமே இல்லாத கம்யூனிட்டியில் எல்லாம் சேர்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வந்த கூட்டம். 'உங்க அம்மா முகத்தைப் பார்த்தாலே பசிக்குது', 'என்ன ஒரு லட்சுமிகரம்!' என்று கனடாவிலிருந்துகூட பின்னூட்டம் வரும். பாட்டில்தான் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் இந்த ரமாபாய். அவளும் போய்விட்டாள்.

ஜானட் தலைப்பை அடித்தாள்: 'எங்கள் ஊறுகாய் ருசிக்கிறது, எங்கள் முகம் கசக்கிறதா?'

கை நிற்கவே இல்லை. 'இறால் உரிக்க எங்கள் அம்மாக்களின் கை வேண்டும். ஆனால் அந்த அம்மாவை நேரில் பார்த்ததும் உங்களுக்கு ஏன் கூசுகிறது, ரமாபாய் அவர்களே?' கடையின் பெயரையும் போட்டாள்.

முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த பாய் மெல்லக் கனைத்தார்.

"பேர் போட்டு எழுதணுமா தங்கச்சி? அவங்க சைடுல இன்னா கீதோ."

"உண்மைய எழுத இன்னா பாய் பயம்?"

பப்ளிஷ்.

கால்மணி நேரத்தில் பதினான்கு பின்னூட்டங்கள். 'சவுக்கடி!' 'அந்தக் கடைப் பக்கம் இனி தலைவைத்தும் படுக்க மாட்டேன்.' 'உங்கள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.'

பதினான்கு பேரில் ஒருவர்கூட ஊறுகாய் கேட்கவில்லை. இருந்தாலும் நெஞ்சில் கொஞ்சம் சூடு தணிந்தது.

வீட்டுக்கு வந்தபோது சிலுவையம்மாள் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விரல்களில் பழைய துணியைக் கிழித்துச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

"ஏம்மா, இன்னிக்குமா?"

"பின்ன? லோடு வந்துகீது." மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். "இந்தா. அவங்க வச்சிட்டுப் போனது. அதுல கீற அம்மா எங்கன்னு கேட்டாங்க. அவங்க ஊருக்குப் போய்கீறாங்க, நான் வூட்டு வேலக்காரின்னு சொன்னேன்."

ஜானட் காகிதத்தைப் பிரித்தாள். அவளுடைய பிளாக்கின் முதல் பக்கம், கலர் பிரிண்ட். நடுவில் பட்டுப்புடவையும் குங்குமமுமாக, பளபளக்கிற கிரானைட் மேடை முன்னால் கரண்டி பிடித்துச் சிரிக்கிற அம்மா. கூகுளில் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடி ஜானட் எடுத்த அம்மா. பிளாக்குக்கென்றே கிறிஸ்மஸ் புடவை கட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கையை முந்தானைக்குள் மறைத்தபடி சிலுவையம்மாள் நின்ற போட்டோ பாயின் சிஸ்டத்தில் எங்கேயோ கிடந்தது.

"அதுக்கு... அதுக்கு ஏன் ஆர்டர் வேணான்னாங்க?"

"செய்ற பொம்பளைங்க கையிலதான் குடுப்பாங்களாம். இப்பிடி ஒருத்திய வேலைக்கு வச்சி வாட்டுற மொதலாளிக்குக் கிடையாதாம். என் கையப் புடிச்சிப் பாத்துட்டு அழுதுச்சு அந்தப் பொண்ணு."

ஜானட் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"நீதான் அம்மான்னு சொல்லியிருக்கலாமேம்மா..."

சிலுவையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"எப்பிடிடி சொல்றது? படிச்ச பொண்ணு, பொய் எழுதிகீதுன்னு நெனச்சிட மாட்டாங்களா உன்ன?"